வராதவருக்கு வைத்த தட்டு

அடுப்படித் தரையில் முழங்காலிட்டு, கைகூப்பி, கண்ணை மூடி, நாக்கை நீட்டிக்கொண்டிருந்தேன். நாக்கில் ஒன்றும் விழவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்து ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். எதிரே, கையில் ஒரு வெள்ளை அப்பத்தோடு, அந்த வீட்டுக்கார அம்மாள் ஹன்னா திகைத்துப்போய் நின்றார். அவருடைய கணவர் மாரெக் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மகள் ஓலா, சிரிப்பதா உதவுவதா என்று தெரியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் பக்கத்தில் எங்கள் ஊர் ஆரோக்கியமும் முழங்காலில்தான் இருந்தார். ஆனால் நாக்கை நீட்டவில்லை. அவர் எப்போதுமே என்னைவிட நிதானமான ஆள்.

நடந்த இடம் போலந்து. நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். சில வருடங்களுக்கு முன்பு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கம்பம் பள்ளத்தாக்கை விட்டால் மதுரை, கோட்டயம், வேளாங்கண்ணி என்று மட்டுமே போய்ப் பழகிய கால்நடை ஆய்வாளன் நான். முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படியில் எதற்கு நாக்கை நீட்டினேன்?

சென்ற வாரம் இந்தத் தொடரில் கோமாரி நோய் வந்த வருடத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி ஸ்டெல்லா, "ஆரம்பிச்ச நாள்ல இருந்து மாட்டைப் பத்தியே எழுதுறீக. நடுவுல மனுசரைப் பத்தியும் எழுதுங்க" என்றாள். சரி, இந்த வாரம் மனிதர். முக்கியமாக ஒரு மனிதரும், அவருக்கு நான் செய்ததும். மாடும் வரும். மாடு இல்லாமல் எனக்கு எழுத வராது.

இரண்டு தெரு, ஒரு கோயில்

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெயரை எழுதவில்லை. எழுதினால் ஞாயிறு பூசைக்குப் போய் நிம்மதியாகத் திரும்ப முடியாது. ஊரைச் சுற்றித் திராட்சைப் பந்தலும் நெல்லும் தென்னையும். நடுவில் மாதா கோயில். கோயிலுக்கு வடக்கே எங்கள் தெரு, தெற்கே இன்னொரு தெரு. இரண்டுமே கிறிஸ்தவத் தெருக்கள்தான். ஒரே பங்குச்சாமி, ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே மணி. கல்லறை மட்டும் இரண்டு.

கோயிலுக்குள் இப்போது யாரும் யாரையும் "தள்ளி உட்கார்" என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வடக்கு வாசல் வழியாக வருகிறவர்கள் வடக்கே உட்காருவார்கள், தெற்கு வாசல் வழியாக வருகிறவர்கள் தெற்கே. அவரவர் வசதிக்கு என்று பேர்.

எங்கள் பக்கம் புது ஆளைப் பார்த்தால் "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். அது பாதிக் கேள்விதான். "அங்கன எந்தத் தெரு?" என்பது மீதி. அதற்குப் பதில் வந்ததும், டம்ளரை எடுப்பதா வேண்டாமா என்பது முடிவாகிவிடும்.

ஆரோக்கியம் தெற்குத் தெரு. என் வயதுதான். எங்கள் ஊர்த் தபால்காரராக இருந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் சைக்கிளில் வந்து, எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று பெல் அடிப்பார். நான் போய் வாங்கிக்கொள்வேன். என் வேலை உத்தரவைக் கொண்டுவந்தவர் அவர். என் அப்பா மதுரை ஆஸ்பத்திரியில் இறந்த தந்தியைக் கொண்டுவந்து, அதே கேட்டுக்கு வெளியே நின்று அழுதவரும் அவர்தான். அப்போதும் உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

நான் தெற்குத் தெருவுக்குப் போகாதவன் இல்லை. மாட்டுக்கு ஏது தெரு? ஒரு தடவை ஆரோக்கியத்தின் பசு கன்று போட முடியாமல் படுத்துவிட்டது. கன்றின் முன்னங்கால் மடங்கி, வழியில் சிக்கி நின்றது. தோள்வரை கையை விட்டு, வெகுநேரம் போராடி, கன்றை உயிரோடு எடுத்தேன். ஆரோக்கியத்தின் மனைவி மேரி அழுதேவிட்டார். நான் கைகழுவி நிமிர்ந்தபோது, சீனி தூக்கலாகப் போட்ட காபியை டம்ளர் நிறைய நீட்டினார்.

"வேண்டாம்மா. எனக்குச் சுகர் இருக்கு" என்றேன்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கல்லைத் தின்றாலும் கரையும் உடம்பு. பசுவின் வயிற்றுக்குள் போன கைக்கு அந்தத் தெரு டம்ளரைத் தொட முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். "இந்த வயசுலயா சார்?" என்று மேரி உண்மையிலேயே வருத்தப்பட்டார். அடுத்த வாரம் தபால் கொடுக்க வந்த ஆரோக்கியம், எனக்காக வீட்டில் ஜெபமாலை சொன்னதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் எனக்கு எதையும் குடிக்க நீட்டவில்லை. வசதியாகப் போயிற்று என்று இருந்துவிட்டேன்.

பின் சீட்டு

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் வட்டாரத்துப் பங்குகளிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு யாத்திரை கிளம்பியது. பழைய மாதா கோயில்களைப் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸ் பூசையை அங்கேயே கண்டு திரும்புவதாகத் திட்டம். என்னை என் மகன் அனுப்பினான். ஸ்டெல்லாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. ஆரோக்கியத்தை அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் அவருடைய மகள் அனுப்பினாள். எங்கள் ஊரிலிருந்து நாங்கள் இரண்டே பேர். யாத்திரையை நடத்திய லாரன்ஸ் தம்பி நல்லது செய்வதாக நினைத்து, எங்களுக்கு ஒரே அறையும், பஸ்ஸில் பின்பக்கம் பக்கத்துப் பக்கத்து சீட்டும் போட்டுவிட்டார்.

அறையில் கட்டில் இரண்டு. சமாளித்துக்கொண்டேன். பஸ்ஸில் தோளோடு தோள் அல்லவா? முதல் நாளே லாரன்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, "பின்னால உக்காந்தா எனக்கு வாந்தி வரும் தம்பி" என்று சொல்லி முன்னால் மாறிக்கொண்டேன். மேகமலை வளைவுகளில் கடைசி சீட்டில் உட்கார்ந்து புரோட்டா தின்றுகொண்டே போனவன் நான்.

அந்தப் பொய் என்னைச் சும்மா விடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மலையோரச் சிற்றூர் ஒன்றில் ஒரு கோயிலைப் பார்க்க நிறுத்தினார்கள். பார்த்து முடித்து எல்லோரும் பஸ்ஸுக்குத் திரும்பும்போது எனக்குக் கழிப்பறை தேவைப்பட்டது. தேடிக்கொண்டு போனேன். பின்னால் காலடிச் சத்தம்.

"நீ எதுக்குப்பா வர்ற?" என்றேன்.

"தெரியாத ஊர்ல தனியாப் போறீகளே சார்" என்றார் ஆரோக்கியம்.

நாங்கள் திரும்பி வந்தபோது பஸ் இல்லை. டயர் தடம் மட்டும் இருந்தது, அதன்மேலும் பனி விழுந்துகொண்டிருந்தது. எப்படி விட்டுப் போனார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. லாரன்ஸ் ஆள் எண்ணியபோது, "அவரு ஊர்க்காரரோட பின்னால உக்காந்திருப்பாரு" என்று முன்னாலிருந்தவர்கள் என்னைச் சொன்னார்களாம். "அவரு ஊர்க்காரரோட முன்னால இருப்பாரு" என்று பின்னாலிருந்தவர்கள் ஆரோக்கியத்தைச் சொன்னார்களாம். நான் மட்டும் என் சீட்டில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் இரண்டு காலி சீட்டு சேர்ந்தாற்போல் கண்ணில் பட்டிருக்கும்.

என் போன் பஸ்ஸில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ஆரோக்கியத்தின் போன் ஓட்டல் வைஃபையில் மட்டும்தான் பேசும்.

பூட்டிய ஊர்

நம் ஊரில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கடைத்தெருவில் கால் வைக்க முடியாது. அங்கே மத்தியானமே ஊரைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். கடை இல்லை, ஆள் இல்லை, நாய்கூட இல்லை. குமுளியில் வாங்கிய ஸ்வெட்டரை நம்பி வந்தவன் நான். பல் கிடுகிடுத்தது. ஆரோக்கியம் தன் கழுத்தில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து என் காதைச் சேர்த்துக் கட்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சுமார் அரை மணி நேரம் கோயில் படியில் நின்றிருப்போம். ஒரு பழைய வேன் கடந்து போயிற்று. போன வேன் பின்னோக்கி வந்து நின்றது. இறங்கியவர் மாரெக். ஆறடிக்கு மேல் உயரம், மீசையில் பனி. எங்கள் கழுத்தில் தொங்கிய யாத்திரை அட்டையிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார். லாரன்ஸ் அழாத குறையாகப் பேசினார். பஸ் வெகுதூரம் போய்விட்டது, பனியில் திருப்ப முடியாது, எப்படியும் ஏழு மணிக்குள் ஒரு கார் அனுப்புகிறேன் என்றார்.

மாரெக்குக்கு ஆங்கிலம் தெரியாது. ஆரோக்கியத்தின் கழுத்தில் தொங்கிய ஜெபமாலையைப் பார்த்தார். தன் வேன் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றிக் காட்டினார். "மரியா" என்றார். ஆரோக்கியமும் "மரியா" என்றார். அவ்வளவுதான் விசாரணை. இருவரையும் தோளில் கை போட்டு வண்டியில் ஏற்றிவிட்டார்.

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. என்ன ஆள், என்ன வேலை, எந்தத் தெரு என்று எதுவுமே கேட்காமல் ஒரு மனிதர் இரண்டு பேரை வீட்டுக்குக் கூட்டிப் போவாரா? திருடனாக இருந்தால் என்ன செய்வார்? வழியெல்லாம் அவருக்காக நான் பயந்துகொண்டே போனேன்.

சுகர்

வீடு சின்னது. உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. ஹன்னா எங்கள் கைகளைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினார். பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோலச் செய்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆங்கிலம் பேசியது கல்லூரி மாணவியான மகள் ஓலாதான். "இரண்டு பேரும் ஒரே ஊரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஒரே கோயிலா?" ஆமாம். "அப்படியானால் ஒரே குடும்பம்!" என்று கைதட்டினாள். அதற்கும் ஆமாம் என்றேன். ஆரோக்கியம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹன்னா பெரிய கண்ணாடி டம்ளர்களில் உலர்ந்த பழங்களைக் கொதிக்கவைத்த சாறு கொண்டுவந்தார். சூடு, நல்ல இனிப்பு. ஒரே மூச்சில் குடித்தேன். இன்னொன்று ஊற்றினார். அதையும் குடித்தேன். ஆரோக்கியம் என் பக்கம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"சுகர் இருக்குல்ல சார்?"

டம்ளர் உதட்டிலேயே நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. கோபமும் இல்லை. முப்பத்துச் சொச்ச வருடம் தெரிந்தே வைத்திருந்த ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார், அவ்வளவுதான். ஜெபமாலை சொன்ன நாளிலேயே தெரிந்திருக்குமா, பிறகு தெரிந்ததா? இன்றுவரை நான் கேட்கவில்லை.

நாலாவது தட்டு

வெளியே இருட்டத் தொடங்கியதும் அடுப்படியிலிருந்த மேசைக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளை விரிப்பு. அதன்கீழ் ஏதோ மேடு தட்டியது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், காய்ந்த புல்! மேசைக்கடியில் அல்ல, விரிப்புக்கடியில் மாட்டுத்தீவனம். பாலன் தொழுவத்தில் பிறந்ததற்கு அடையாளமாம். இதே வேலையில் தலை நரைத்தவன் என்பதால் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தேன். பூஞ்சை இல்லாத நல்ல புல்.

வீட்டில் மூன்று பேர். மேசையில் நான்கு தட்டு. நாலாவது தட்டின்முன் நாற்காலி காலியாக இருந்தது. ஹன்னா என்னை அங்கே உட்காரச் சொன்னார்.

"உக்காந்துறாதீக சார்" என்று காதில் சொன்னார் ஆரோக்கியம். "செத்தவுகளுக்கு வச்ச தட்டு போல இருக்கு."

எனக்கும் அதே பயம்தான். கல்லறைத் திருநாளன்று இறந்தவர்களுக்குப் பிடித்ததைத் தட்டில் வைத்துக் கதவைச் சாத்துகிற வழக்கம் இரண்டு தெருவிலும் உண்டு. பங்குச்சாமிக்குத் தெரியாது, தெரிந்தாலும் தெரியாது. அந்தத் தட்டில் உயிரோடு இருப்பவன் உட்காரலாமா? வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்கினேன். "யார் இறந்துபோனது?" என்று ஓலாவிடம் தணிந்த குரலில் கேட்டேன்.

யாரும் இறக்கவில்லையாம். எதிர்பாராமல் வருகிற ஒருவருக்காக இந்த நாளில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பது அவர்கள் வழக்கமாம். "அம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து வைக்கிறாள். இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை. நீங்கள்தான் முதலில் வந்திருக்கிறீர்கள்" என்றாள் ஓலா. ஹன்னா முந்தானை போன்ற மேல்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வந்தது இரண்டு பேர், இருந்தது ஒரு தட்டு என்று சட்டென்று உறைத்ததும், இன்னொன்றை எடுக்க ஓடினார்.

இத்தனை வருடமாக எனக்கு ஒரு தட்டு வைத்திருந்தார்களா? நான் பிறந்தது எங்கே, இவர்கள் இருப்பது எங்கே?

இந்த நிலையில்தான் ஹன்னா அந்த அப்பத்தைக் கொண்டுவந்தார். வெள்ளை வெளேரென்று, பாலன் உருவம் பதித்து, மெல்லியதாக. வட்டத்துக்குப் பதில் சதுரம் என்பதைத் தவிர, அச்சு அசல் நற்கருணை அப்பம். சாமியார் இல்லை, பீடம் இல்லை, அடுப்பில் மீன் பொரிகிறது, இந்தம்மா வெறுங்கையில் நற்கருணையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் ஆண்டவர் எந்த ரூபத்தில் வந்தாலும் மரியாதை மரியாதைதானே? தொப்பென்று முழங்காலில் விழுந்தேன். என்னைப் பார்த்து ஆரோக்கியமும் விழுந்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆரம்பத்தில் சொன்ன நாக்குக் கதை.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மாரெக் வாயிலிருந்து கையை எடுத்தார். பெரிய உடம்பை மெல்ல மடக்கி, என் எதிரே அவரும் முழங்காலிட்டார். அடுத்து ஹன்னா. அடுத்து ஓலா. விருந்தாளி தரையில் இருக்கும்போது வீட்டார் நிற்பது அழகில்லை என்று நினைத்தார்களாம். ஐந்து பேரும் அடுப்படித் தரையில். அப்புறம்தான் ஓலா விளக்கினாள். இது நற்கருணை இல்லை. பூசையில் வைக்காத வெறும் அப்பம். ஆளுக்கொன்று கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் அப்பத்தில் மற்றவர் ஒரு துண்டு பிட்டு, வாழ்த்துச் சொல்லித் தின்ன வேண்டும். மனத்தாங்கல் இருந்தால் முதலில் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தீர்க்காமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது.

மாரெக் என் அப்பத்தில் பிட்டார், நான் அவருடையதில். ஹன்னாவோடு, ஓலாவோடு. ஆரோக்கியமும் அப்படியே.

ஒரு கேள்வி

"நீங்கள் இரண்டு பேரும் இன்னும் பிட்டுக்கொள்ளவில்லையே" என்றாள் ஓலா.

என் அப்பத்தை ஆரோக்கியத்தின் பக்கம் நீட்டினேன். உள்ளதைச் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. எவ்வளவு பெரிய மனசு எனக்கு என்று.

ஆரோக்கியம் கையை நீட்டவில்லை. அப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஊர்ல வச்சுக் குடுப்பீகளா சார்?"

எனக்குப் புரியாததுபோல விழித்தேன். புரிந்தது.

"குடுப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே பிட்டுக்கிறேன். இங்கன மட்டுந்தான்னா வேண்டாம் சார். இங்கன பிட்டுத் தின்னுட்டு, அங்கன வந்து கேட்டுக்கு வெளிய நிக்க எனக்குத் தெம்பு இல்ல."

குரலை உயர்த்தவில்லை. தபால் கொடுக்கும்போது "கையெழுத்துப் போடுங்க சார்" என்பாரே, அதே குரல். ஒரே ஒரு வார்த்தை. "குடுப்பேன்." சொல்லியிருக்கலாம். என் தெருவும், பங்குப் பேரவையும், என் அண்ணன் தம்பிமார் முகங்களும் வரிசையாக வந்து நின்றன. நாலாயிரம் மைலுக்கு அப்பால், என்னை யாருக்கும் தெரியாத ஒரு அடுப்படியில்கூட என்னால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. அன்று வந்த அதிர்ச்சிகளில் பெரியது அதுதான்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள் ஓலா.

"வயிறு நிறைந்துவிட்டதாம்" என்றேன். இன்னும் யாரும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

ஹன்னா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தாய்மார்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. என் கையிலிருந்த மீதி அப்பத்தை வாங்கி, காகிதத்தில் மடித்து, என் சட்டைப்பையில் வைத்துத் தட்டிக்கொடுத்தார். ஏதோ சொன்னார். "இது கெட்டுப்போகாது, பிறகு பிட்டுக்கொள்ளலாம் என்கிறாள் அம்மா" என்றாள் ஓலா.

சாப்பாட்டில் ருசி தெரியவில்லை. ஏதோ சிவப்பு சூப், மீன், உருளைக்கிழங்கு. நான் மாட்டு வைத்தியம் பார்த்தவன் என்று கேட்டதும் மாரெக் மகிழ்ந்துபோய், பின்னாலிருந்த தொழுவத்துக்குக் கூட்டிப்போனார். ஆறு பசுக்கள், மடி நிறைந்தவை. ஹன்னா இளஞ்சிவப்பு நிறத்தில் இன்னொரு அப்பம் எடுத்துவந்து, பிட்டுப் பிட்டு ஒவ்வொரு மாட்டின் வாயிலும் வைத்தார். பாலன் பிறந்தபோது பக்கத்தில் நின்றது மாடுதானே, அதற்கும் பங்கு உண்டாம்.

"மாட்டுக்கும் உண்டாம் சார்" என்றார் ஆரோக்கியம்.

நான் ஒரு பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டு அதன் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன்.

கார் வந்தது. கிளம்பும்போது முகவரி எழுதித் தரச் சொன்னார்கள். ஒரே குடும்பம் என்று சொல்லிவிட்டேனே! இருவர் பெயரையும் மேலே எழுதி, கீழே என் வீட்டு விலாசத்தை எழுதினேன்.

மூன்று உறைகள்

ஊர் திரும்பியதும் பங்குக் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். பஸ் விட்டுப் போனது, புல், நாலாவது தட்டு, நாக்கு எல்லாம் சொன்னேன். கோயிலே சிரித்தது, அழுதது. "முகம் தெரியாத நமக்கே இவ்வளவு அன்பு காட்டுகிறார்கள் என்றால், கிறிஸ்தவ அன்பு எப்பேர்ப்பட்டது!" என்று முடித்தேன். கைதட்டு. ஆரோக்கியம் தெற்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கேள்வியை மட்டும் நான் விட்டுவிட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கெட்டுப்போகாது என்று ஹன்னா சொன்ன அப்பம், எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் சட்டையோடு போய்க் கூழாகிவிட்டது. உள்ளதைச் சொன்னால் நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஒரு உறை வந்தது. மேலே இரண்டு பெயர். உள்ளே ஒரு வாழ்த்து அட்டை, ஒரே ஒரு அப்பம். "இரண்டு பேரும் பிட்டுக்கொள்ளுங்கள்" என்று ஓலா எழுதியிருந்தாள். பீரோவில் பைபிளுக்கு அடியில் வைத்தேன். அதற்கடுத்த வருடமும் வந்தது. அதையும் வைத்தேன். மூன்றாவதை நான் பிரிக்கவே இல்லை.

அந்த மூன்றாவது வருடம் எனக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். சுகர். இந்த முறை நிஜமாகவே. கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து வந்து, டாக்டர் சீட்டைத் தேடிய ஸ்டெல்லா பீரோவிலிருந்து மூன்று உறைகளை எடுத்தாள்.

"ரெண்டு பேர் பேரு போட்டு வந்ததை நீங்க மட்டும் எப்படி எடுத்து வச்சுக்கிட்டீக?" என்றாள்.

விட்டுப்போன அந்தக் கேள்வியை முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். காபி விஷயத்தையும் சொன்னேன். உறைகளை அடுக்கி என் கையில் வைத்தாள். பிறகு எழுந்து, "செருப்பைப் போடுங்க. நானும் வாரேன்" என்றாள்.

உச்சி வெயிலில் இரண்டு பேரும் கோயிலைக் கடந்து தெற்கே நடந்தோம். அவள் முழங்காலைப் பிடித்துப் பிடித்து வந்தாள். கோயில் முனையில் என் தம்பி முறைக்காரன் நின்று, "என்னண்ணே, இந்தப் பக்கம்? யாரு மாட்டுக்கு முடியல?" என்று கேட்டான்.

"மாடு நல்லா இருக்கு" என்றாள் ஸ்டெல்லா. "இவுகளுக்குத்தான் முடியல."

ஆரோக்கியத்தின் வீட்டு வாசலில் நின்றேன். அந்தக் கன்றை எடுத்த நாளுக்குப் பிறகு தொழுவம்வரை எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், நிலைப்படியைத் தாண்டியதில்லை. உள்ளே பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஆரோக்கியம், மேரி, மகன்.

வீட்டில் மூன்று பேர். பாயில் நான்கு தட்டு.

"யாரும் வாராகளா மேரி?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"யாரும் இல்லம்மா" என்று பதறி எழுந்தார் மேரி. "வெளிநாடு போயிட்டு வந்ததுல இருந்து கிறிஸ்மஸ்க்கு ஒரு தட்டு கூட வைக்கச் சொல்றாக. யாருக்குன்னா சொல்ல மாட்டேங்குறாக. வாசலைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவாக. இதோட மூணு வருசம் வச்சு எடுத்துட்டேன்."

நான் உறைகளை நீட்டினேன். வாங்கியதும், பழைய பழக்கத்தில், முதலில் முத்திரையைத்தான் பார்த்தார். ஒவ்வொன்றாகத் திருப்பித் தேதியைப் படித்தார். முகம் மாறியது.

"என் பேருக்கு வந்த தபால் சார் இது."

"ஆமா."

"மூணு வருசம்."

"ஆமா."

"என் சர்வீஸ்ல ஒருத்தர் தபாலை ஒரு நாள் கூட நான் வச்சிருந்ததில்ல சார்!" அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். டம்ளருக்கும் கேட்டுக்கும் கல்லறைக்கும் வராத கோபம் தபாலுக்கு வந்தது. எல்லாவற்றுக்குமான கோபம்தான் அது என்று எனக்குத் தெரியும்.

"தப்புதான். மன்னிச்சிருங்க ஆரோக்கியம்" என்றேன்.

பிரிக்காத உறையை அவரே பிரித்தார். அப்பம் முழுசாக இருந்தது. என் கையில் வைத்தார். நான் அதை அவர் பக்கம் நீட்டினேன். "ஊர்ல வச்சுத்தான் குடுக்கிறேன்" என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, ஞாபகமில்லை. அவர் ஒரு துண்டு பிட்டார். அவர் நீட்டிய அந்தத் துண்டில் நான் பிட்டேன். எங்களுக்கு வாழ்த்துச் சொல்லத் தோன்றவில்லை. இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம்.

நாலாவது தட்டின்முன் உட்கார்ந்தேன். ஸ்டெல்லாவுக்குத் தட்டு இல்லை என்று அப்போதுதான் உறைத்து, மேரி எடுக்க ஓடினார்.

சாப்பிட்டு முடித்ததும் பாயசம் வந்தது. மேரி டம்ளரை என் முன்னால் நீட்டத் தயங்கி, கணவரைப் பார்த்தார்.

"சுகர் இருக்குல்ல சார்?" என்றார் ஆரோக்கியம்.

"இருக்கு" என்றேன். வாழ்நாளில் முதல் தடவையாக அது உண்மை.

டம்ளரை வாங்கி, அடிவரைக்கும் குடித்தேன்.